சூறாவளிக்கு முந்திய சம்பியன்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நின்றேன். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைக் கடக்கிற, ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறுகிற மிதவையைத்தான் நாங்கள் ‘பாதை’ என்கிறோம். எனக்குப் பக்கத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் நின்றான். கையில் வலைப்பை, அதற்குள் ஒரு கூடைப்பந்து. மட்டக்களப்பு நகரில் தங்கிப் படிப்பவன், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருகிறான். பாதை நடு வாவிக்கு வந்தபோது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற எழுபது தாண்டிய ஒருவர் பந்தைப் பார்த்துக் கேட்டார்.

“மைக்கேலா மனே?”

“ஓம் ஐயா.”

“போட்டில பட்டுப் போடுவியா, நேராப் போடுவியா?”

பையன் சிரித்தான். “த்ரீ பொயின்ற் அடிப்பன் ஐயா.”

பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது. “அது கல்லெறி. விளையாட்டில்ல” என்றார்.

படுவான்கரையில் இப்படி ஓர் உரையாடல் நடப்பது புதினமில்லை. இங்கே உதைபந்தாட்ட ரசிகர்கள் உண்டு, கிரிக்கெட் ரசிகர்கள் உண்டு. ஆனால் அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம் போய் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி அகில இலங்கைச் சம்பியனாக வந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். வாவிக்கு இந்தப் பக்கம், வயலுக்கும் கோயிலுக்கும் பேர்போன மண்டூரில், கூடைப்பந்துத் திடலையே வாழ்நாளில் நாலைந்து தடவை பார்த்தவர்கள்கூட அந்தப் பருவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அது எப்படி என்று அறியத்தான் மறுநாள் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன்.

அவர் ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர். பேச்சுக்குத் துணையாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, என்னை ஒரு மாமியின் வீட்டுக்கு அழைத்துப் போனார். “அவவிட தம்பிதான் எங்களுக்குக் கதை கொண்டு வாறவன்” என்றார். மாமி தாதியாக வேலை பார்த்தவர். தம்பி மிக்கேல் கல்லூரி விடுதியில் நின்று படித்தவர். அணியில் ஆடியவரல்ல, பயிற்சியின்போது வெளியே ஓடுகிற பந்தைப் பொறுக்கிக் கொடுத்தவர்.

நான் ஊடகக் கற்கை படித்தவன். முதலில் ஆண்டைக் கேள், பிறகு பெயரைக் கேள் என்று பழக்கப்பட்டவன். எந்த ஆண்டு வென்றார்கள் என்று கேட்டேன். அதோடு பிரச்சினை தொடங்கியது.

பாணுக்கு விடியச் சாமத்தில் வரிசை நின்ற வருடம் என்றார் தபால்காரர். இல்லை, அது கழிந்து பிறகுதான் என்றார் சேர். தன் அக்காவின் கலியாணத்துக்குத் தம்பி வராமல் மட்ச் பார்க்கப் போனான், ஆகவே அந்த வருடம்தான் என்றார் மாமி. இறுதி ஆட்டத்தில் வென்ற வித்தியாசம் ஒருவருக்கு ஒரு புள்ளி, மற்றவருக்கு ஐந்து புள்ளி. மூவருக்கும் உடன்பாடான ஒரே விடயம், எல்லாம் சூறாவளிக்கு முன் நடந்தது என்பது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளை முறித்ததோடு நிற்கவில்லை, எங்கள் ஊர்களின் காலக்கணக்கையும் இரண்டாக முறித்துவிட்டது. வயது, கலியாணம், காணி உறுதி எல்லாம் சூறாவளிக்கு முன், பின் என்றுதான் வரும். தபால்காரர் வீரகேசரியிலும் தினபதியிலும் வெட்டி ஒட்டிய கொப்பி ஒன்று வைத்திருந்தாராம். அன்று இரவு கூரை போனது, கொப்பியும் நனைந்து களியானது. கொப்பி இருந்திருந்தால் ஆண்டு கிடைத்திருக்கும். ஆனால் இந்த மூவருக்கும் இடையில் ஐம்பது வருடமாக நடக்கிற வழக்கு இருந்திராது. என் கணிப்பு இது: அந்தக் கல்லூரி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வென்றது. அந்த வெற்றிகளெல்லாம் இவர்களின் ஞாபகத்தில் ஒட்டி ஒரே பருவமாகிவிட்டன.

சரி, மட்டக்களப்புக்குக் கூடைப்பந்து எப்படி வந்தது? 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், குளிருக்கு வெளியே போக முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் கண்டுபிடித்த விளையாட்டு இது. பீச் பழக் கூடைகளை மேல்மாடத்து விளிம்பில் அடித்து, பதின்மூன்று விதிகள் எழுதினார். அவர் வேலை பார்த்த வை.எம்.சி.ஏ. அதை உலகெங்கும் கொண்டுபோனது. சென்னையில் ஹரி குரோ பக் 1920இல் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் அந்த வழியில் வந்ததுதான். எங்கள் பக்கத்தில் அதை ஊன்றியவர்கள் வேறு ஆட்கள்: அமெரிக்க யேசு சபைத் துறவிகள்.

1873இல் தொடங்கிய மிக்கேல் கல்லூரியை நெடுங்காலம் நடத்தியவர்கள் பிரெஞ்சு யேசு சபையினர். 1940களில் அமெரிக்காவின் தெற்கே நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசு சபையினர் இங்கு வரத் தொடங்கினார்கள். இன்று நகரத்து மைதானத்துக்குப் பெயராக இருக்கிற வெபர் அடிகளும் அந்த வரிசையில் வந்தவர்தான். பள்ளிக்கூடத்தில் தாங்கள் விளையாடி வளர்ந்ததை இங்கேயும் விளையாட வைத்தார்கள்.

அது வேரோடியதற்கு இடமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கல்லூரி இருக்கும் புளியந்தீவு சின்னத் துண்டு நிலம். அதற்குள் ஒல்லாந்தர் கோட்டை, கோயில்கள், தேவாலயங்கள், கடைத்தெரு, பாடசாலைகள் எல்லாம். கிரிக்கெட்டுக்குப் பரந்த வெளி வேண்டும், அதைப் பராமரிக்கக் காசும் வேண்டும். கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம் போதும். மாரியில் மைதானமெல்லாம் சேறாகிக் கிடக்கும்போது சீமெந்துத் திடல் மழை விட்ட கையோடு காய்ந்துவிடும். பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். கொழும்புப் பெரிய கல்லூரிகளின் கிரிக்கெட்டோடு மோத எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் 3.05 மீற்றர் உயரத்து வளையம் எல்லோருக்கும் ஒரே உயரம்தான்.

பாதையில் பெரியவர் கோபித்ததற்கும் விளக்கம் இருக்கிறது. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டு வந்தது 1984இல்தான். அதற்கு முன் எவ்வளவு தூரத்தில் நின்று எறிந்தாலும் கூடைக்கு இரண்டு புள்ளிதான். ஆகவே தூரத்தில் நின்று எறிவதில் லாபமில்லை. பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி வளையத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். திறந்த வெளித் திடலில் வாவிக்காற்று வேறு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் உயர எறிகிற பந்து எங்கு போகும் என்று சொல்லேலாது. பலகையில் பட்டு விழுகிற பந்துக்கு அந்தப் பயம் குறைவு. பக்கவாட்டில் சரிவாக நின்று, பலகையில் சரியான இடத்தைத் தொட்டால் பந்து தானே உள்ளே விழும். மூவரும் ஞாபகம் வைத்திருப்பது இதைத்தான். புள்ளி ஞாபகமில்லை, ஆண்டு ஞாபகமில்லை. பந்து நிலத்தில் படாமல் எத்தனை கை மாறியது என்று மட்டும் சொல்கிறார்கள். சேர் சுவரில் விரலால் ஒரு சதுரம் கீறிக் காட்டினார்.

“சேர், நீங்க எத்தின மட்ச் பாத்தயள்?” என்று கேட்டேன்.

“ரெண்டு” என்றார். தபால்காரர் மூன்று. மாமி ஒன்றுமே பார்க்கவில்லை.

பிறகு எப்படி? பாதை ஏறி, களுவாஞ்சிக்குடி போய், பஸ் பிடித்து நகரத்துக்குப் போய் மட்ச் பார்த்தால் இரவு திரும்ப வழியில்லை. கொழும்பில் நடந்தால் பேச்சே இல்லை. ஆகவே விடுதிப் பையன் மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிற நாள்தான் இவர்களுக்கு மட்ச் நாள். தம்பி குருமண்வெளியில் ஏறும்போதே கதை தொடங்கிவிடுமாம். பாதை மண்டூர்த் துறையில் முட்டினாலும் ஆட்கள் இறங்க மாட்டார்களாம். வீட்டு முற்றத்தில் மறுகா ஒருதரம் முழுவதும் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் பந்து கொடுத்தது என்பதைத் தேங்காய்ச் சிரட்டைகளை வைத்து விளக்குவாராம். இந்த ஊர் ரசிகர்கள் ரசித்தது அணியை மட்டுமல்ல, அந்தத் தம்பியின் சொல்லையும்தான்.

அந்தக் கதைகளில் ஆட்டக்காரரைவிட அதிகம் வருகிறவர் ‘ஹேபர்ட் பாதர்’. அருட்தந்தை இயூஜின் ஜோன் ஹேபர்ட், 1923இல் லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பெயரை அவரது ஊரில் ‘ஏபேர்’ என்றுதான் சொல்வார்களாம், எங்கள் ஆட்கள் எழுத்துக்கு எழுத்து வாசித்து ஹேபர்ட் ஆக்கிவிட்டார்கள். ஜெனிங்ஸ் நெல் விளைகிற பூமி, சுற்றிலும் சதுப்பும் நீரும். படுவான்கரையின் வயலும் வாவியும் அவருக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரிந்திராது. 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு மிக்கேலிலும் படிப்பித்தார், இரண்டு இடத்திலும் கூடைப்பந்து பழக்கினார். பின்னாளில் மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழில் பழக்குகிற யேசு சபையின் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருந்தார்.

இந்த இடம் வரை மூவரும் ஒருவரை ஒருவர் மறித்து மறித்துப் பேசினார்கள். இதற்குப் பிறகு யாரும் யாரையும் மறிக்கவில்லை.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. அந்த ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை மட்டக்களப்பில் எந்தச் சமூகமும் மறக்காது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். 12ஆம் திகதி ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. 9ஆம் திகதி சத்துருக்கொண்டான். இவற்றுக்கு நடுவில், ஓகஸ்ட் 15ஆம் திகதி, ஹேபர்ட் அடிகள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு தமிழ் இளைஞர். வழியில் ஏறாவூரைக் கடக்க வேண்டும். இருவரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. யார் செய்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. 1948இல் அவரைப் போலவே இலங்கைக்கு வந்த சக துறவி ஹரி மில்லர் அடிகள், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து, காணாமல் போனவர்களின் விபரங்களை ஆண்டுக்கணக்கில் திரட்டினார். அதில் பெரும்பகுதி ஊர்ப்பிள்ளைகளின் பெயர்கள்.

மாமியின் விறாந்தையில் மூன்று படங்கள் தொங்குகின்றன. தாய்க்கும் தகப்பனுக்கும் மாலை போட்டிருக்கிறது. மூன்றாவது தம்பி, அதற்கு மாலை இல்லை. அந்த வருடம் நகரத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. காணாமல் போனவர்களின் படத்துக்கு மாலை போடுவதில்லை என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சம்பியன் பருவத்தை இவர்கள் ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தம்பியைப் பற்றி நேராகப் பேசினால், எங்கே போனான், யார் பிடித்தது, எந்தக் காம்பில் விசாரித்தோம் என்றுதான் பேச்சுப் போகும். அலுவலகங்களில் முப்பத்தைந்து வருடமாகச் சொன்ன வாக்குமூலம் அது. 2018இல் காணாமல் போனோர் அலுவலகம் வந்த பிறகும் அதே கேள்விகள், அதே படிவம். கூடைப்பந்துக் கதையில் மட்டும் தம்பி பாதையால் இறங்கி வருகிறான், முற்றத்தில் சிரட்டை அடுக்குகிறான். பாதரும் திடல் ஓரத்தில் நிற்கிறார். கதை முடிகிற இடத்தில் ஒரு கோப்பை இருக்கிறது.

வெளிக்கிடும்போது தபால்காரர் வாசல் வரை வந்தார். “ஆண்டு போட்டுக் குழப்பாத மனே. சூறாவளிக்கு முந்தி எண்டு போடு, எல்லாரும் விளங்குவாங்க” என்றார்.

மாமி தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “பாதர் எந்த வருசம் பிறந்தவர் எண்டு சொன்னயள்?” என்று கேட்டார். 1923 என்றேன். விரலில் எண்ணினார்.

“அப்ப நூறு தாண்டிற்றுகா அவருக்கு” என்று சொல்லிவிட்டு, கோப்பைகளோடு உள்ளே போனார்.