மட்டக்கம்பும் பிளாஸ்டிக் நாற்காலியும்

அம்மாயி நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரிய துரையின் ஆபீசில் நாற்காலி இருந்தது. தோட்டப் பாடசாலையில் வாத்தியாருக்கு ஒன்று இருந்தது. அப்புத்தளைக்கு மேலேயுள்ள எங்கள் லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் அதை வைக்க இடம் ஏது? ஒரு பலகைக்கட்டை இருந்தது, சாண் உயரம்கூட வராது. அம்மாயி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து ஊதுவார். குந்தியபடியே அம்மியில் அரைப்பார். தரையில் சப்பணமிட்டுச் சாப்பிடுவார். எழும்பும்போது கையை ஊன்றமாட்டார். அப்போது அவருக்கு எழுபது வயது.

இன்று அதே இஸ்தோப்பில் நான்கு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. அம்மாவுக்கு 68 வயது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆகவே அவர் தரையில் உட்காருவதில்லை.

அம்மாயியின் நாள் விடியுமுன் பீலிக்கரையில் தொடங்கும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், ஏறுவதற்கு அறுபத்து நான்கு படி. சின்ன வயதில் நான் எண்ணியிருக்கிறேன். பிறகு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு, பெரட்டு முடிந்து மலை. இடுப்பில் படங்கைச் சுற்றி, கூடைக்கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து, அதற்கு மேலே தலைநீட்டும் கொழுந்தை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். நிற்கும் இடம் சரிவு. மழை பெய்திருந்தால் வழுக்கல். 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், என்பது இன்றும் பல தோட்டங்களில் உள்ள கணக்கு. நிறுவைக்கு மடுவத்துக்கு இறங்கித் திரும்ப ஏறுவது தனி. வீட்டுக்கு வரும் வழியில் கவ்வாத்து மலையில் விறகுக்கு மிலாறு பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். குனிவது, குந்துவது, சுமப்பது, ஒற்றைக்காலில் சமநிலை பிடித்து அடுத்த காலைத் தூக்குவது எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்கியிருந்தன. யாரும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. அந்தக் காலத்து உழைப்பு, அந்தக் காலத்து உடம்பு என்று பேசுவது எளிது. கூடைக்கயிறு பதிந்த இடத்தில் அம்மாயிக்கு விரலகலத்துக்கு முடி முளைக்கவேயில்லை. கழுத்தை முழுதாகத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். ரொட்டியும் சம்பலுமே பெரும்பாலான நாள் சாப்பாடு. நகக்கண் எப்போதும் வெளுத்தே கிடக்கும். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டத்துப் பெண்ணுக்கு 1984 இல்தான் வந்தது. அதற்குள் அவருடைய நல்ல வயதெல்லாம் கழிந்திருந்தது. அவரோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த நான்கு பேரில் எழுபதைக் கண்டவர் அவர் ஒருவரே. தப்பிப் பிழைத்தவரின் முழங்காலை வைத்து அந்தக் காலத்தை அளப்பது நியாயமில்லை.

முழங்கால் நன்றாக இருந்ததும் பொய்யில்லை.

அம்மா 55 இல் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு மலை வேலையிலிருந்து நின்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு வசதியும் ஒரு பாரத்தை இறக்கியது, கூடவே ஓர் அசைவையும் கொண்டுபோனது. குழாய் வந்ததும் அறுபத்து நான்கு படி போயிற்று. காஸ் அடுப்பு மேசைமேல் ஏறியதும் குந்துவது போயிற்று. கொமட் வைத்ததும் கடைசிக் குந்தலும் நின்றது. தோட்டத்துப் பாதையில் ஆட்டோ ஓடத் தொடங்கியபின் டவுனுக்கு இறங்கும் குறுக்குப்பாதையைப் புல் மூடிவிட்டது. இதில் எதையும் திருப்பிக் கொடு என்றால் நானே கொடுக்கமாட்டேன். நட்டநடு இரவில் மழையில் நனைந்து வெளியே போக வேண்டியிருந்த லயத்துப் பெண்ணுக்கு கொமட் என்பது சின்ன விஷயமா?

1981 குடிசன மதிப்பீட்டில் இந்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 6.6 பேர், 2012 இல் 12.4 பேர். முன்பு லயத்துக்கு ஒரு கிழவி இருந்தால் அதிசயம். இப்போது மாதக் கிளினிக் நாளில் அவர்களாலேயே ஆட்டோ நிறைந்துவிடுகிறது. கையில் சீனிக்கும் பிரஷருக்கும் தனித்தனிக் கொப்பி. பிள்ளைகள் கொழும்பில், அல்லது மத்திய கிழக்கில். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேன் வரும் இடம்வரை ஏறுவதுதான் பலருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஏற்றம்.

முதியோரின் கால்பலத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவில் ரிக்லி, ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் அமைத்த தொகுப்பில் அது ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவார்கள். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11 க்குக் கீழே போனால் கால் தளர்ந்திருக்கிறது, விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று பொருள். நான் போனில் நேரம் பார்த்து அம்மாவை எண்ணினேன். ஏழு.

"இதுவும் ஒரு வேலையா? பெரட்டுக்களத்தில நின்னு பேர் வாங்குன மாதிரி எண்ணிக்கிட்டு இருக்கிற" என்று சிரித்தார். அதே நாற்காலியில் தினமும் காலையில் பத்துத் தரம் எழும்பி உட்காரவும், குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கவும் ஒப்புக்கொண்டார். முதியோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைபலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலையில் நின்ற காலத்தில் அம்மாவுக்கு வாரத்தில் ஆறு நாள் அது நடந்தது, கேட்காமலேயே.

2022 இல் காஸும் பெட்ரோலும் இல்லாமல் போன மாதங்களில் எல்லாம் ஒரு தடவை திரும்பி வந்தது. மேசையிலிருந்து அடுப்பு தரைக்கு இறங்கியது. அம்மா பழைய படங்கைத் தேடியெடுத்து மிலாறு பொறுக்கப் போனார். முதல் வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். மூன்றாம் வாரம் கட்டைத் தானே தலையில் ஏற்றினார். சிலிண்டர் கிடைத்த அன்று அவர் அடைந்த மகிழ்ச்சியைப் பார்த்தவன் நான். அந்த மாதங்களை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இப்போது எங்கள் பக்கம் வேறு ஆட்கள் நடக்கிறார்கள். கண்டியில் தொடங்கி அப்புத்தளை, எல்ல வழியாக வளைந்து நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல். அதில் பெரும்பகுதி கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் போன பழைய தோட்டப் பாதைதான். லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேதென்ன பக்டரியிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் ஏழு கிலோமீற்றரும் அப்படியே. தொழிலாளி சம்பளத்துக்கு ஏறிய ஏற்றத்தை இவர்கள் காசு கொடுத்து ஏறுகிறார்கள்.

போன மாசியில் அப்படி ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தண்ணீர் கேட்டு வந்தது. "ரெண்டு கையிலயும் மட்டக்கம்பு வச்சிருக்கா பாரு" என்றார் அம்மா, அந்தப் பெண்ணின் ஊன்றுகோல்களைப் பார்த்து. வயது கேட்டதற்கு அந்தப் பெண் விரல்களை விரித்துக் காட்டினார். எழுபத்திரண்டு. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, கோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, இஸ்தோப்புத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்தார், சப்பாத்து வாரை இறுக்கினார், கையை ஊன்றாமல் எழுந்தார்.

அவர்கள் வளைவில் மறையும்வரை அம்மா பேசவில்லை.

"அம்மாயி மாதிரியே எழும்புறா."

பிறகு நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எண்ணச் சொன்னார்.