எரிந்த உயில்களும் எஞ்சிய சான்றுகளும்

முன்னோர் மரபை ஆவணவழி நின்று தேடுவார்க்கு உயிலினும் சிறந்த சான்று அரிது. கல்லறை எழுத்து பெயரையும் ஆண்டையும் காட்டும். திருமுழுக்குப் பதிவு பெற்றோரைக் காட்டும். உயிலோ மனைவி, மக்கள், மருகர், உடன்பிறந்தார் ஆகியோரை உறவுமுறையோடு ஒருங்கே காட்ட வல்லது. அத்தகைய உயில்கள் ஒரு நாட்டில் பெரும்பாலும் அழிந்துபட்டவிடத்து ஆராய்வோர் செயற்பாலது யாது? இவ்வினாவிற்கு விடை காண அயர்லாந்து நாட்டின் நிலை பெரிதும் துணைபுரியும்.

அந்நாட்டில் 1858க்கு முன்னர் உயிலை மெய்யென ஏற்றுச் சான்றளிக்கும் உரிமை அரசால் நிறுவப்பெற்ற திருச்சபையின் மன்றங்களுக்கே இருந்தது. ஒவ்வொரு மறைமாவட்டத்திற்கும் ஒரு மன்றம் உண்டு. இறந்தவர்க்கு 5 பவுனுக்கு மேற்பட்ட உடைமை மற்றொரு மறைமாவட்டத்திலும் இருப்பின், ஆர்மாப் பேராயரின் தனியுரிமை மன்றமே அவ்வுயிலை ஏற்றது. 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவ்வுரிமை அரசிடம் சென்றது. டப்ளினில் தலைமைப் பதிவகமும் பிற இடங்களில் 11 மாவட்டப் பதிவகங்களும் அமைந்தன. உயில்களின் மூலப்படிகள் 20 ஆண்டு கழிந்தபின் டப்ளின் பொது ஆவணக் காப்பகத்திற்கு அனுப்பப்பெற்றன.

இவ்வாறு ஓரிடத்தில் குவித்தமையே பேரிழப்பிற்கு இடனாயிற்று. 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், சூன் 30ஆம் நாள், நான்கு மன்றங்கள் எனப்படும் கட்டடத் தொகுதியில் வெடிப்பும் தீயும் நேர்ந்தன. காப்பகத்தின் ஆவணக் கருவூலம் எரிந்தது. உயில்களோடு 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கு ஏடுகளிலும் பெரும்பகுதி அழிந்தது. ஆதலின் ஒரு சான்று மறைந்த இடத்தை மற்றொன்றால் நிரப்பும் வழியும் அருகியது.

எனினும் மூலம் அழிந்தது என்பது அதன் செய்தி முழுவதும் அழிந்தது என்பதன்று. ஓர் உயில் மன்றத்தை அடைந்தபின் அதன் தடம் பல இடங்களிற் பதிகின்றது. மூலப்படி மன்றத்தில் தங்கும். சான்றளித்த படி நிறைவேற்றுநர் கைக்குச் செல்லும். பெயர் அட்டவணையில் ஏறும். வரி அலுவலகம் தன் பொருட்டுச் சுருக்கம் எழுதிக்கொள்ளும். இத்தடங்களைத் தனித்தனியே தேடுதலே முறையாகும்.

முதலாவது, அட்டவணை. ஆர்தர் விக்கார்சு 1897இல் அச்சிட்ட அட்டவணை, தனியுரிமை மன்றம் 1536 முதல் 1810 வரை ஏற்ற உயில்களைப் பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றோடு தருகின்றது. இரண்டாவது, சுருக்கம். சர் வில்லியம் பெத்தம் என்பார் அம்மன்றத்தில் 1800க்கு முற்பட்ட உயில்களுட் பெரும்பாலனவற்றிலிருந்து உறவுச் செய்திகளைத் தொகுத்து ஏடுகளில் எழுதி வைத்தார்; கொடிவழிகளையும் வரைந்தார். மூன்றாவது, பிற அலுவலகங்களிற் சென்ற படிகள். 1708இல் நிறுவப்பெற்ற பத்திரப் பதிவகத்தில் நிலம்பற்றிய வழக்கு எழக்கூடும் என அஞ்சியோர் உயிற் சுருக்கங்களைப் பதிந்தனர். அவை 1954 முதல் 1984 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. 1828 முதல் 1839 வரையிலான வரித்துறை உயிற் பதிவேடுகளும் எஞ்சின. இங்கிலாந்திலும் உடைமை வைத்திருந்தோர் சிலருடைய உயில்கள் காண்டர்பரி மன்றத்தில் ஏற்கப்பெற்றமையால் இலண்டனில் தப்பின.

1858க்குப் பிற்பட்ட காலத்திற்கு ஆண்டுதோறும் அச்சிட்ட பட்டியல்கள் உண்டு. இறந்தவர் பெயர், உறைவிடம், இறந்த நாள், நிறைவேற்றுநர் பெயர், உடைமை மதிப்பு ஆகியன அவற்றிற் காணப்படும். மாவட்டப் பதிவகங்கள் மூலத்தை அனுப்புமுன் படியெடுத்து வைத்த ஏடுகளும் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. சிதறிக் கிடக்கும் இத்தகைய படிகளை ஒருங்கு திரட்டும் இணையவழிக் கருவூலம் ஒன்றும் 2022இல் திறக்கப்பெற்றது.

இச்சான்றுகளைக் கையாள்வார் மனங்கொளத்தக்கன சில உள. அட்டவணையிலுள்ள ஆண்டு உயில் ஏற்கப்பெற்ற ஆண்டாகலாம். இறந்த ஆண்டே எனக் கொள்ளுதல் கூடாது. மருகன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அக்காலத்தில் மனைவியின் முன்மணத்து மகனையும் குறித்தது. மூத்த மகன் பெயர் உயிலில் இல்லையாயின் அவன் இறந்தான் என்றோ ஒதுக்கப்பட்டான் என்றோ துணிதல் தவறு. திருமண உடன்படிக்கையால் அவன் முன்னரே பங்கு பெற்றிருக்கலாம். எல்லாவற்றினும் முதன்மையானது, இன்மையின் காரணத்தை ஆராய்தலாகும். உடைமையற்ற எளிய மக்களுட் பெரும்பாலோர் உயில் எழுதவே இல்லை. அவர்தம் பெயர் இல்லாமைக்குத் தீயைக் காரணமாகக் கூறுதல், இல்லாத ஆவணத்தை இருந்ததாகக் கற்பித்தல் ஆகும்.

இம்முறை தமிழாராய்ச்சியாளர்க்குப் புதிதன்று. அவிநயம் என்னும் இலக்கணம் முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. யாப்பருங்கல விருத்தி முதலியன எடுத்தாண்ட நூற்பாக்களால் அதனை அறிகின்றோம். ஆயினும் விருத்தியாசிரியர் தமக்கு வேண்டியவற்றையே எடுத்தாண்டார். பெத்தமும் அங்ஙனமே. அவர் நாட்டம் குடிமரபின்மேலது ஆதலின் உறவினர் பெயர்கள் எஞ்சின. இறந்தவர் தம் உடைமையை எவ்வாறு பகிர்ந்தார், யாவர்மேல் அன்பு பாராட்டினார், யாவரைக் கடிந்தார் என்பன சாம்பராயின. எனவே எஞ்சிய பகுதியைக் கொண்டு முழுமையை உரைப்பார், அப்பகுதியை எடுத்தவர் யாவர், எதன் பொருட்டு எடுத்தார் என்பதனை முதற்கண் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை காணாது வரையப்பெறும் கொடிவழி, எத்துணை நீண்டதாயினும், சான்றின்பாற் படாது.