பிள்ளைப் பிராயத்துப் பயமும் பெரியவர்களின் வியாதியும்



நெஞ்சுப் படபடப்பு, தீராத தலைவலி, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஒரு சாராருக்கு ஈ.சி.ஜி.யிலும் இரத்தப் பரிசோதனையிலும் குறை எதுவும் தெரிவதில்லை. "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டால், அடுத்த மாதம் வேறோர் ஆஸ்பத்திரியின் வரிசையில் நிற்பார்கள். ஆற அமர உட்கார்ந்து கேட்டால், இன்றைய கடனிலோ குடும்பச் சச்சரவிலோ தொடங்கும் பேச்சு பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குப் போய் நிற்கும். "அது எப்பவோ நடந்ததுங்க ஐயா, அதுக்கும் இந்தப் படபடப்புக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அவர்களே கேட்பார்கள். நமது ஆதரவாளர்களிலும் சிலருக்கு இதே கேள்வி இருப்பதால், இம்மடலில் அதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நமது சுற்றுப்புறத்தைப் பாருங்கள். நெருப்பெரிச்சல் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட கிராமம். (பெயரைக் கேட்டு வெளியூர் நண்பர்கள் பயப்படுவதுண்டு, ஊர் சாதுவானதுதான்.) லைன் வீடுகளில் குடியிருப்போர் பலர் பனியன் கம்பெனிகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், பிற்பாடு ஒடிசா, பீகார்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. ஆர்டர் நெருக்கும் நாட்களில் தாயும் தகப்பனும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை, இரவு எட்டரை மணிக்கு மேல்தான் தாயின் முகத்தைப் பார்க்கும். சனிக்கிழமை சம்பள நாள். அன்று இரவு சில வீடுகளில் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏற்றுமதி பெருகிய 1980-களிலும் 90-களிலும் எத்தனையோ சிறுவர் சிறுமியர் படிப்பை விட்டுக் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் கம்பெனிகளில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆகிறது. அவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவர்கள் பட்ட பயம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

இக்கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்து மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி. 1980-களில் அவர் உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சை அளித்து வந்தார். நன்றாக எடை குறைந்து வந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு, காரணம் விசாரித்தார். அவர்களில் பலர் சிறு பிராயத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பிறகு ராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவரோடு சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தார்: பதினெட்டு வயதுக்குள் அடி, அவமதிப்பு, பாலியல் கொடுமை உண்டா? வீட்டில் குடிப்பவர், மனநோயாளி, சிறை சென்றவர் உண்டா? தாய் அடிக்கப்பட்டதைப் பார்த்ததுண்டா? பெற்றோர் பிரிந்தனரா?

முதல் அறிக்கை 1998-ல் வெளிவந்தது. இவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றும் அனுபவிக்காதவர்களைவிட, மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. இருதய வியாதியும் கூடியிருந்தது. இவர்கள் வறியவர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். மருத்துவக் காப்பீடு உள்ள, பெரும்பாலும் கல்லூரி வாசலை மிதித்த நடுத்தரக் குடும்பத்தார். ஆகையால் இது லைன் வீட்டுச் சங்கதி மட்டுமன்று. நமது ஆலயத்தில் முன்வரிசையில் அமரும் குடும்பங்களின் சங்கதியும்கூட.

இது சரீரத்தில் நடக்கும் விதம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆபத்து வரும்போது மூளை எச்சரிக்கிறது. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ சிருஷ்டிகர் நமக்குத் தந்த ஏற்பாடு அது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும். ஆனால் தகப்பன் வரும் பைக் சத்தத்தை வைத்தே இன்று அவர் எந்த நிலையில் வருகிறார் என்று கணிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது தணிவதே இல்லை. வளரும் மூளை அந்த விழிப்புக்கே பழகிப்போகிறது. வகுப்பில் அப்பிள்ளைக்குக் கவனம் நிற்காது. வாத்தியார் மக்கு என்பார். இருபத்தைந்து வயதில் சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் கை நடுங்கும். முப்பத்தைந்தில் காரணமின்றி நெஞ்சு படபடக்கும். புத்திக்கு ஆபத்தில்லை என்று தெரியும். சரீரம் அதை நம்பாது. ஜெபக்குறைவு என்று இவர்களைக் கடிந்துகொள்வது காலொடிந்தவனை ஓடச் சொல்வதற்குச் சமம். இவர்களுக்கு மனநல மருத்துவரின் மாத்திரை தேவைப்படலாம். பொறுமையாகக் கேட்கும் ஆலோசகர் தேவைப்படலாம். ஜெபம் இவற்றோடு கூடவே நடக்கட்டும்.

"நாங்களெல்லாம் அடிவாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போனோம்?" என்று சபைப் பெரியவர்கள் கேட்பதுண்டு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூவரில் இருவர் அடி உதைக்கு ஆளாகியிருந்தார்கள். இருவரில் ஒருவர் வார்த்தையாலோ புறக்கணிப்பாலோ மனம் நொந்திருந்தார்கள். அப்படி நோகச் செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெற்றோரே. "உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருக்கலாம்" என்ற சொல்லுக்குத் தழும்பு கிடையாது. ஆகையால் அதை ஒருவரும் காயமாக எண்ணுவதில்லை.

இனி, காணிக்கையாளர்களாகிய உங்களைத் தொடும் ஒரு காரியம். கஷ்டத்திலுள்ள பிள்ளை என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது 'ஹோமில் சேர்த்துவிடலாம்' என்பதே. ருமேனியாவில் 1989 டிசம்பரில் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். தொட்டில் தொட்டிலாகக் கிடந்த குழந்தைகளில் பலர் அழவும் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். பின்னர் 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் புகாரெஸ்ட் நகரத்தில், நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 136 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பங்களை அமைத்துக் கொடுத்தார்கள். நாலரை வயதில் சோதித்தபோது, இல்லத்தில் விடப்பட்டவர்களைவிடக் குடும்பத்தில் வளர்ந்தவர்களிடம் பயமும் சோர்வும் சார்ந்த நோய்கள் பாதியளவே இருந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் அறிவிலும் பாசத்திலும் அதிகம் தேறினார்கள்.

நமது நாட்டில் இதைச் சோதனையில்லாமலே உணர்ந்திருந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1901 முதல் டோனாவூரில் அவர் சேர்த்த பிள்ளைகளைப் பெருங்கூடத்தில் வரிசையாகப் படுக்கவைக்காமல், சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் அக்காளின் பொறுப்பில் விட்டார். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். அம்மையார் 1951 ஜனவரியில் மரித்தார். தாயன்பை இழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய புகழ்பெற்ற அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். டோனாவூர் அதற்கு ஐம்பது ஆண்டு முந்திக்கொண்டது என்று நாம் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

ஆயினும் காயப்பட்ட பிள்ளை கெட்டே போகும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஹவாயின் கவாய்த் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் சண்டை, குடி, மனநோய் எனப் பலவும் சூழ்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றுள் ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். சிலருக்குப் பாட்டி, சிலருக்கு அத்தை, சிலருக்கு ஓர் ஆசிரியை.

வறுமை ஒன்றே காரணமானால், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லப் பராமரிப்பைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. விதவைத் தாயின் பிள்ளைகளுக்கும், பெற்றோரை இழந்து உறவினரோடு வாழும் பிள்ளைகளுக்கும், வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் 4,000 ரூபாய் வழங்க மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இடமுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். மனு எழுதத் தெரியாத பாட்டிமாருக்கு உங்கள் சபையின் வாலிபர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே கம்பெனியில் காப்பகம் கேட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மாலை முழுவதும் லைன் வீட்டு வாசல்தான். உங்கள் ஆலயம் பனியன் கம்பெனிகளுக்கு அருகில் இருந்தால், ஐந்தரை மணியிலிருந்து எட்டரை மணிவரை அதன் கூடத்தைத் திறந்து வைக்க முடியுமா என்று கமிட்டியில் பேசுங்கள். டியூஷன் நடந்தாலும் சரி, வெறுமனே கதை பேசினாலும் சரி. இருவராகப் பொறுப்பேற்கட்டும், கதவுகள் திறந்தே இருக்கட்டும். ஆனால் வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி வர வேண்டாம். வருகிற பிள்ளைக்குப் போன வாரம் பார்த்த அதே முகம் தெரிய வேண்டும். ஏதாவது பிள்ளை ஆபத்திலிருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தாமதமின்றி அழையுங்கள். பெரியவர்கள் தங்கள் மனத்துயரை 14416 என்ற எண்ணில் பேசலாம். அது 2022 முதல் செயல்படும் அரசின் இலவசச் சேவை, தமிழிலும் பேசுவார்கள்.