வாசலில் பூட்டு, கொல்லையில் கேபிள்

கல்மண்டபத்தில் மருந்துக்கடையோ ஸ்கேன் சென்டரோ வைத்திருப்பவரிடம், கூரையில் தட்டு மாதிரி ஒட்டியிருக்கும் வைஃபை கருவியின் கேபிள் எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "அது கம்ப்யூட்டர் தம்பிக்குத்தான் தெரியும்" என்பார்.

போய்ச் சேரும் இடம் நெட்வொர்க் ஸ்விட்ச். பில்லிங் கம்ப்யூட்டரும் சிசிடிவியும் அதே பெட்டியில்தான் செருகியிருக்கும். இவற்றைத் தனித்தனிச் சந்துகளாகப் பிரிப்பதற்குப் பெயர் வீலான். ஆக்சஸ் பாயின்ட் எனப்படும் அந்தக் கூரைக் கருவி ஒன்றே ஊழியர் வைஃபை, வாடிக்கையாளர் வைஃபை இரண்டையும் சுமந்தால், பல வீலான்கள் ஒரே கேபிளில் போகும்படி ஸ்விட்ச்சில் அதன் போர்ட்டை 'டிரங்க்' ஆக மாற்றுவார்கள். வினை தொடங்குவது அங்கேதான். பல ஸ்விட்ச்களில் டிரங்க் என்று மாற்றினாலே எல்லா வீலானுக்கும் அனுமதி கிடைத்துவிடும். தேவையில்லாததை நீக்குவது தனி வேலை. அவசரத்தில் அதை விட்டாலும் வைஃபை ஒழுங்காக ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. காத்திருக்கும் ஒருவர் அந்தக் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் பாஸ்வேர்டு கேட்க ஆளில்லை. விவரம் தெரிந்தவருக்குக் கல்லாப்பெட்டிச் சந்தும் திறந்தே கிடக்கும்.

தம்பியிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். அந்தப் போர்ட்டில் தேவையான வீலான் மட்டும் இருக்கட்டும். கருவியை நிர்வகிக்கும் வீலான் தனியாக இருக்கட்டும். காலிப் போர்ட்டுகளை அணைத்துவிடட்டும். 'ஒரு போர்ட்டுக்கு ஒரே கருவி' என்று பூட்டுகிறேன் என்றால் மட்டும் நிறுத்துங்கள்: பொதுவாக வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனின் முகவரியும் அந்தப் போர்ட்டில்தான் தெரியும், போன்கள் சேர்ந்ததுமே இணைப்பு முடங்கும். ஸ்விட்ச்சின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் எந்தப் போர்ட்டில் எது என்ற பட்டியலையும் எழுதி வாங்காமல் முழுப் பணம் தராதீர்கள். காசு உங்களுடையது.

பூட்டாத இணைப்பு பழியையும் கொண்டுவரும். 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டில். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்படி யாராவது நுழைந்து பணம் போய்விட்டதா? உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணத்தை முடக்கிப் பிடிப்பது கடினம். அனுமதியின்றி உங்கள் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம்: 2010-இல் தமிழ்நாட்டின் தீர்ப்பு அதிகாரி, ஃபிஷிங்கில் பணம் இழந்தவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார்.

வாங்கிய கருவியே கோளாறு என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய பொருளை 'வணிக நோக்கம்' என்று தள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் இடம் தரவில்லை. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், புகாருக்குக் கெடு 2 ஆண்டு.

இன்றைக்குக் கடை சாத்துமுன் ஸ்விட்ச்சில் எத்தனை போர்ட்டின் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். உங்களுக்குத் தெரிந்த கருவிகளைவிட ஒன்று கூடுதலாக எரிந்தால், தம்பியை அப்போதே கூப்பிடுங்கள்.