இரவு விமானத்தில் தனியாக வருகிறீர்களா? கார் ஏறும் முன் கவனியுங்கள்

பாலவாக்கத்திலிருந்து தனியாக வெளியூர் போய், நடுராத்திரி மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறீர்கள். நிலையத்துக்குள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் இருக்கிறார்கள், பெரிதாகப் பயமில்லை. வெளியே வந்து கார் ஏறும் அந்தப் பத்து நிமிடம்தான் கவனிக்க வேண்டியது.

2024 நவம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில் இரவில் இறங்கிய பெண் ஒருவர், செயலிக் கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்த வேறொரு காரில் ஏறிவிட்டார். ஓட்டுநர் ஓ.டி.பி. கேட்கவில்லை. வழியில் கூடுதல் பணம் கேட்டு மிரட்டத் தொடங்கியதும் அவர் 112-ஐ அழைத்தார், ஓட்டுநர் கைதானார்.

ஓ.டி.பி.யைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். முதலில் நம்பர் பிளேட்டைச் செயலியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். "நெட்வொர்க் இல்ல, ஓ.டி.பி. வேணாம், ஏறுங்க மேடம்" என்று சொன்னால் ஏறவே வேண்டாம்.

காரை உள்ளேயே முடிவு செய்துவிடுங்கள். வாசலைத் தாண்டிவிட்டால் டிக்கெட் இல்லாமல் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவில் மெட்ரோவும் ஓடாது. செயலியில் கார் கிடைக்கவில்லையா, ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறியதும் பயண விவரத்தை வீட்டுக்குப் பகிருங்கள். உங்கள் போனிலும் மேப்பைத் திறந்து வையுங்கள். வேளச்சேரி, திருவான்மியூர் வழியாகவும் வரலாம்; பல்லாவரத்தில் திரும்பித் துரைப்பாக்கம் வழியாகவும் வரலாம், இரண்டும் சரிதான். ஆனால் கார் குரோம்பேட்டையைத் தாண்டிப் போகிறது என்றால், "அண்ணா, எந்த வழியா போறீங்க?" என்று உடனே கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியிலும் அவசர பட்டன் உண்டு. ஆனால் அதை வீட்டில் இருக்கும்போதே பதிவு செய்து வைத்தால்தான் அந்த நேரத்தில் கை கொடுக்கும். பெண்களுக்கு 181-ம் இருக்கிறது.

இன்னொன்று, காத்திருக்கும் நேரத்தில் வருவது. அதே 2024-ல், அதே பெங்களூருவில், லவுஞ்சுக்குள் போக என்று சொல்லி அனுப்பப்பட்ட போலிச் செயலியை இறக்கிய பெண் 87,000 ரூபாய்க்கு மேல் இழந்தார். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கிலிருந்து எதையும் இறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இதற்கெல்லாம் போனில் சார்ஜ் வேண்டுமே! பெட்டி வரும்வரை சும்மா நிற்காமல், அங்கேயே கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.