முழுப்பரீட்சை முடிந்த பிறகு

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பாடம் இருக்காது. அந்த ஓய்வுக்கு 'வாவு' என்று பெயர். நவராத்திரி, பொங்கல் எல்லாம் தனிக்கணக்கு. மற்றபடி சித்திரை வெயிலானாலும் ஐப்பசி அடைமழையானாலும் விடியும் முன்பே பிள்ளைகள் வந்து, மணலைப் பரப்பிக்கொண்டு எழுத்தைத் தேய்க்க வேண்டும். பிந்தி வந்தால் பிரம்பு. உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரிக்கிற பள்ளி ஏறத்தாழ இந்த ரகம்தான். 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஜில்லா ஜில்லாவாக விவரம் கேட்டு எழுதினார். 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. எந்தப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்தது, எந்தப் பிள்ளைக்கு இல்லை என்பது வேறு பெரிய கதை. இருந்தவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பள்ளி.

ஆகவே 'குழந்தைகள் ஆண்டு முழுக்கப் பள்ளிக்குப் போகலாமா' என்று இன்று யாராவது புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நீண்ட கோடை விடுமுறைதான் நமக்குப் புதிது, வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்தது. வெயில் ஏறியதும் மாகாண அரசே மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்குப் போன காலம் அது. கோர்ட்டுக்கும் மே மாதம் விடுமுறை. அந்த வெள்ளைக்கார காலண்டரில்தான் அரசுப் பள்ளியும் ஓடியது. வயல் வேலைக்காகப் பிள்ளைகளை விட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. டெல்டாக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12, சம்பா அறுவடை தை மாதம். ஏப்ரல், மே மாதங்களில் வயல் வெடித்துக் கிடக்கும். அமெரிக்காவிலும் இதே கதையைச் சொல்வார்கள். அங்கேயும் விதைப்பும் அறுப்பும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும்தான், நடுக்கோடையில் அல்ல.

புதிதாக வந்தாலும் விடுமுறை நன்றாகவே வேர்பிடித்தது. எழுபது, எண்பதுகளில் பள்ளிக்குப் போன யாரிடமும் முழுப்பரீட்சை லீவு என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினால் அடுத்து பஸ் ஏற வேண்டியதுதான். பாட்டி ஊர். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல். நுங்கு தின்ற கூந்தலில் குச்சி செருகி வண்டி. மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காய வைத்து, காக்காய் வராமல் காவலுக்கு உட்கார்த்தி வைப்பார்கள். காக்காயை விடக் காவலாளி தின்றதுதான் அதிகம். மணிக்கணக்குப் போட்டு வாடகை சைக்கிள் எடுத்து, முழங்கால் சிராய்த்து, குரங்குப் பெடல் பழகியது அந்த இரண்டு மாதங்களில்தான். வெயில் உச்சிக்கு வந்தால் திண்ணையில் தாயம், பல்லாங்குழி, அம்புலிமாமா, கோகுலம். 1984க்குப் பிறகு லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. மே கடைசியில் அடுத்த வகுப்பு அண்ணனிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கி, பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டியாயிற்று என்றால் பள்ளி திறக்கப் போகிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் எழுதும்போதே ஓர் உறுத்தல். இந்த லீவு புராணத்தை எழுதுகிறவர்கள் எப்போதும் பாட்டி ஊருக்குப் பஸ் சார்ஜ் இருந்த வீட்டுப் பிள்ளைகள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதே ஏப்ரலில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் வீட்டு வாசலிலேயே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. லீவில் சம்பாதித்த காசில்தான் ஜூனில் நோட்டும் சட்டையும். அவர்களில் சிலர் ஜூனில் திரும்பவே இல்லை. வாரக்கூலியைப் பார்த்த வீடு பையனைப் பள்ளிக்கு விடத் தயங்கியது.

பள்ளி நேரத்தைக் குறைப்பது என்ற பேச்சு தமிழ்நாட்டில் ஏன் உடனே சூடாகிவிடுகிறது என்பதற்கும் இதுவே காரணம். 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாக்கி, மீதி நேரம் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டே ராஜாஜி பதவியை விட்டுப் போக, காமராஜர் வந்து அதை எடுத்துவிட்டார். பள்ளியில் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதைச் சாதியும் கூலியும் தீர்மானிக்கிற ஊர் இது என்று அன்றே புரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். எப்போது? பள்ளி நேரம் முடிந்த பிறகு, அல்லது விடுமுறையில். விடுமுறை என்றால் வேலை செய்யலாம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

இன்றைக்கு வருவோம். காகிதத்தில் கோடை விடுமுறை அப்படியேதான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலைநாள், ஆறு முதல் எட்டு வரை 220 என்கிறது. 2024-25க்குத் தமிழ்நாடு 220 நாள் என்று நாள்காட்டி போட்டது. அதில் வேலைநாளாக இருந்த சனிக்கிழமைகளைக் கண்டு ஆசிரியர்கள் எதிர்க்க, 210 ஆயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் வருஷத்தில் ஐந்து மாதம் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள்.

இருக்கிறார்களா? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு அடுத்த வகுப்பு தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் 1க்கு முன் தொடங்காதீர்கள் என்று 2023இல் அந்த வாரியமே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. மாநிலப் பாடத்திட்டத்துத் தனியார் பள்ளிகளில், பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு லீவு கிடையாது, பன்னிரண்டுக்குப் போகிற பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பு லீவு கிடையாது. சிறப்பு வகுப்பு நடத்தினால் நடவடிக்கை என்று கல்வித்துறை ஆண்டுதோறும் அறிக்கை விடும். சிறப்பு வகுப்பும் ஆண்டுதோறும் நடக்கும். யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் வா என்று பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வரும், அவ்வளவுதான். ஒளித்து நடத்துவதற்கு இத்தனை பேர் ஒத்துழைக்கிற காரியம் வேறு எதுவும் நம்மிடம் இருக்கிறதா தெரியவில்லை.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1978இல் பிளஸ் டூ வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கட்-ஆஃப் என்ற சொல் காய்கறிக்காரர் வரை பழகியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே அரைக்கிற விடுதிப் பள்ளிகள் கொங்கு மண்டலத்தில் தழைத்தன. அதை உடைக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் அதையும் எடுத்தார்கள். நடுவில் மாநில நுழைவுத் தேர்வு ஒழிந்து பத்தாண்டு மூச்சு விட்டதும் 2017இல் நீட் வந்தது. நீட் பெரும்பாலும் நடப்பது மே முதல் ஞாயிற்றுக்கிழமை. கோடை விடுமுறையின் நட்டநடுவில்! மார்ச்சில் பொதுத்தேர்வு முடித்த பிள்ளை ஏப்ரல் முழுக்க கோச்சிங் சென்டரில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சம்மர் கேம்ப்: அபாகஸ், கீபோர்டு, ரோபாட்டிக்ஸ், கராத்தே. பெற்றோரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பாட்டியும் ஊரை விட்டு வந்து அதே ஃபிளாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். பத்து மணி முதல் ஐந்து மணி வரை பிள்ளையை எங்கே விடுவது?

ஆக, ஆண்டு முழுக்கப் பள்ளி வந்துவிட்டது. அரசாணை இல்லாமல், விவாதம் இல்லாமல், தனிக்கட்டணத்தோடு வந்துவிட்டது. காசு கட்ட முடிந்த வீட்டுக்கு மட்டும்.

அதற்குள் வெயில் வேறு தன் பங்குக்கு நாள்காட்டியைப் பிடித்து இழுக்கிறது. 2023இல் ஜூன் முதல் வாரம் திறக்க வேண்டிய பள்ளிகள் தள்ளித் தள்ளி, பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சிறியவர்களுக்கு ஜூன் 14 என்று திறந்தன. 2024இலும் ஜூன் 10 வரை தள்ளிப்போனது. நவம்பர், டிசம்பரில் மழை. 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்து, அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குப் போனது. இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே மாவட்ட ஆட்சியரின் சமூக ஊடகக் கணக்கில் போய் "ப்ளீஸ் சார், லீவு" என்று பிள்ளைகள் மன்றாடுகிறார்கள். கேரளத்தில் 2025இல் கல்வி அமைச்சர் சிவன்குட்டி, கோடை விடுமுறையை மழை கொட்டும் ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன என்று கேட்டு விவாதத்தைத் தொடங்கிவைத்தார். கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் ஆண்டு முழுக்கப் பள்ளி என்று சொல்கிற பல ஊர்களில்கூட நாள் கூடுவதில்லை. அதே 180 நாளை 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை என்று பிய்த்துப் போடுகிறார்கள்.

நீண்ட விடுமுறையில் படித்தது மறந்துபோகும் என்பது ஆண்டு முழுக்கப் பள்ளிக்காரர்களின் பெரிய வாதம். இதற்குப் பதில் தேட நாம் அமெரிக்கா போக வேண்டாம். உலகத்திலேயே நீளமான விடுமுறைகளில் ஒன்றை நம் பிள்ளைகள் அனுபவித்தார்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. பத்தொன்பது மாதம். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வீடு தேடிப் போய்ச் சோதித்தார்கள். இழப்பு பெரிது, தமிழை விடக் கணக்கில் அதிகம். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்கிறது அவர்கள் கணக்கு. தெருவிலுள்ள ஓர் அக்கா, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், வீட்டு முற்றத்திலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு!

பத்தொன்பது மாத இழப்பிலேயே இவ்வளவு மீள முடியுமென்றால், ஐந்தாறு வார மறதிக்காக மே மாதத்திலும் பிள்ளையை வகுப்பறைத் தகரக் கூரைக்குக் கீழே அடைக்க வேண்டும் என்று நான் நம்பவில்லை. பாடம் காத்திருக்கும்.

சோறு காத்திருக்காது. என் கவலை அங்கேதான். காமராஜர் 1956இல் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கிவைத்தார். இன்று அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு வேளை பள்ளியில்தான். கடைசிப் பரீட்சை அன்று இரண்டும் ஒருசேர நிற்கின்றன. 2004இல் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டது. மற்ற ஊர்களில், மற்ற ஆண்டுகளில் மே மாதப் பசி எங்கே போகிறது? இன்னொரு விந்தை: அங்கன்வாடியில் சத்துணவு ஆண்டுக்கு 300 நாள் என்பது விதி. ஐந்து வயதுவரை 300 நாள் பசித்த அதே வயிறு, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் 210 நாள்தான் பசிக்கும் என்று எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

பாடம் நிற்கட்டும், பள்ளி மூட வேண்டாம். சமையற்கூடம், மைதானம், நூலக அலமாரி, வேப்பமர நிழல் ஆகிய நான்கும் மே மாதம் திறந்திருக்கட்டும். பரீட்சை கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, வந்தவன் சாப்பிடட்டும், வராதவன் பாட்டி வீட்டுக்குப் போகட்டும். இதைச் சொன்னால் ஆசிரியர் நண்பர்கள் முறைக்கிறார்கள். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தம், தேர்தல் வந்தால் தேர்தல் பணி, கணக்கெடுப்பு வந்தால் அதுவும் அவர்கள் தலையில்; மிச்சமிருக்கிற சில வாரங்களையும் கேட்கிறாயா என்கிறார்கள். நியாயம். அங்கன்வாடி ஊழியர்களே தங்களுக்கும் மே முழுக்க விடுமுறை வேண்டும் என்று போராடுகிறார்கள், அதுவும் நியாயம். அப்படியானால் ஆள் வேறு தேட வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் அந்த அக்காக்கள் இருக்கிறார்கள் என்பதை 2021லேயே பார்த்துவிட்டோம். ஆயிரம் ரூபாய்க்கு அவர்களை இன்னொரு முறை கூப்பிடக் கூடாது, மே மாத வெயிலில் செய்கிற வேலைக்கு உரிய கூலி பேசிக் கூப்பிட வேண்டும்.