கவுன்சலிங் அறையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு! - பிள்ளையை அழைத்துச் செல்லும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நல்லா படிச்சுட்டிருந்த புள்ளைங்க. இந்த வருஷம் என்ன ஆச்சுன்னே தெரியல. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான், ரூம் கதவைச் சாத்திக்கிறான். நீங்க நாலு வார்த்தை எடுத்துச் சொன்னா கேட்பான்..."

குழந்தைகளுக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்குமான கவுன்சலிங் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதுபோல, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே செல்போனோடு உட்கார்ந்துவிடலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால், முதல் நாளே அவர்களுக்கு ஓர் ஆச்சர்யம் காத்திருக்கிறது. "முதல்ல நீங்க ரெண்டு பேரும் உள்ளே வாங்க" என்பார் அந்த ஆலோசகர்.

அட்வைஸ்தான் தேவை என்றால், தாத்தா, சித்தப்பா, டியூஷன் மாஸ்டர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என எல்லோரும் அதை ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். கவுன்சலிங் என்பது வேறு வேலை. அது என்ன, யாரிடம் போவது, உள்ளே என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

எப்போது போக வேண்டும்?

'வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்' என்பது சில நேரம் உண்மைதான். டீன் ஏஜில் கோபமும் தனிமை விருப்பமும் இயல்பு. எனவே, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாமல், உங்கள் பிள்ளை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு... இவற்றில் ஒன்றிரண்டாவது மாறி, அந்த மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஒருமுறை போய்ப் பேசிவிடுவது நல்லது.

சின்னக் குழந்தைகளுக்கு 'மனசு சரியில்லை' என்று சொல்லத் தெரியாது, உடம்புதான் சொல்லும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, அம்மாவை விட்டு நகர மறுப்பது போன்றவை அப்படிப்பட்ட அறிகுறிகள். வளர்ந்த பிள்ளைகளிடம் சோகம் எரிச்சலாக வெளிப்படலாம். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால், கையில் கீறிக்கொண்ட தழும்பு ஏதும் இருக்கிறதா என்று மென்மையாக விசாரியுங்கள்.

'செத்துப்போயிடலாம்னு இருக்கு' என்ற வார்த்தை வந்தால் மட்டும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே உதவி தேட வேண்டும். 'அப்படி ஏதாவது தோணுதா கண்ணா?' என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் கிடைக்கும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

மனநலப் பிரச்னைகளில் பாதி, 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 'பத்தாவது முடியட்டும், பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைக்குத்தான் பாரம்.

யார் யார், என்ன செய்வார்கள்?

போர்டில் 'டாக்டர்' என்று இருப்பதால் எல்லோரும் ஒன்றல்ல.

* மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மனநலத்துக்கான மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் இவர். குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே சிறப்புப் பயிற்சி பெற்றவர்களும் உண்டு.
* கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: ஐ.க்யூ, கற்றல் குறைபாடு போன்ற பரிசோதனைகளைச் செய்வார். பேச்சு வழியான சிகிச்சையும் தருவார். மருந்து எழுத மாட்டார். ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் இவர் பதிவு செய்திருக்க வேண்டும்.
* கவுன்சலர்: உளவியல் அல்லது சமூகப் பணி படித்து, ஆலோசனைப் பயிற்சி பெற்றவர். பள்ளிப் பயம், நட்புச் சிக்கல், பெற்றோர் பிரிவு, இழப்பு போன்றவற்றில் துணை நிற்பார். தேவைப்பட்டால் மேலே சொன்ன இருவரிடமும் அனுப்பிவைப்பார்.
* சிறப்பு ஆசிரியர், ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி, கற்றல் குறைபாடு, பேச்சுத் தாமதம் இருக்கும் குழந்தைகளுக்கு இவர்களின் பங்கு பெரியது.

மனநல ஆலோசகர்களையும் முறைப்படுத்தும் சட்டம் 2021-ல்தான் வந்தது. மருத்துவர்களுக்கு இருப்பதுபோன்ற கறாரான பதிவு நடைமுறை இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. சில வார கோர்ஸ் முடித்துவிட்டு போர்டு மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதனால், 'என்ன படிச்சிருக்கீங்க, எங்க பயிற்சி எடுத்தீங்க, எந்த வயசுப் பிள்ளைகளைப் பார்ப்பீங்க?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

'மூணே சிட்டிங்ல மாத்திக் காட்டுறேன்' என்பவர், பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு ஒரு நோயின் பெயரை ஒட்டுபவர், பிள்ளையை உங்கள் முன் வைத்துத் திட்டுபவர்... இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் கேள்விகள்தான் அதிகம். பிரசவம் எப்படி இருந்தது, எப்போது நடந்தான், எப்போது பேசினான், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சமீபத்தில் வீடு மாறினீர்களா, பள்ளி மாறினதா, யாராவது இறந்தார்களா என்றெல்லாம் கேட்பார்கள். 'இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றும். பிள்ளையின் பிரச்னை எங்கே முளைத்தது என்று தேடுவதற்கான வழி அது.

சின்னக் குழந்தைகளின் அறையில் பொம்மை, களிமண், கிரேயான், மணல் தொட்டி எல்லாம் இருக்கும். 'ரெண்டாயிரம் வாங்கிட்டு விளையாட விடுறாங்க' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு விளையாட்டுதான் மொழி. அமெரிக்க உளவியலாளர் வெர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல் விளையாட்டு சிகிச்சை பற்றி எழுதிய புத்தகம் முதல், இந்த முறை பல பத்தாண்டுகளாக வளர்ந்துவந்திருக்கிறது. வாயால் சொல்ல முடியாத பயத்தை, பொம்மை வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஒரு குட்டிப் பொம்மை சொல்லிவிடும்.

டீன் ஏஜ் பிள்ளைகளோடு பேச்சுதான். 'எல்லாரும் என்னையே பார்க்குறாங்க', 'நான் எதுக்கும் லாயக்கில்ல' போன்ற எண்ணங்களை எடுத்து, அது எவ்வளவு உண்மை என்று பிள்ளையையே சோதித்துப் பார்க்க வைக்கும் சி.பி.டி என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது.

உங்களுக்கு ஏன் நாற்காலி?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வயிற்றுவலி. டாக்டர் பரிசோதித்து 'ஒண்ணும் இல்லை' என்றுவிட்டார். அப்பா, 'நடிக்கிறா' என்று கத்துகிறார். பாட்டி, 'பச்சப்புள்ளய ஏன்டா மிரட்டுற?' என்று மடியில் இழுத்துக்கொள்கிறார். இருவருக்கும் நடுவில் அம்மா, 'சரி, இன்னிக்கு மட்டும் லீவு' என்கிறார். ஒன்பதரை மணிக்கு வலி போய்விடுகிறது. 'பார்த்தியா, நான் சொல்லல!' என்கிறார் அப்பா.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. சிறுமியும் நடிக்கவில்லை, பதற்றம் வந்தால் வயிறு உண்மையாகவே வலிக்கும். ஆனால், லீவு போட்டதும் கிடைக்கிற நிம்மதி, 'பள்ளி ஆபத்தான இடம், வீடுதான் பாதுகாப்பு' என்று அவள் மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அடுத்த நாள் பயம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அப்பாவின் கத்தல் அதன்மேல் இன்னொரு பயத்தை ஏற்றும். கத்தக் கத்த பாட்டி இழுத்துக்கொள்வார். பாட்டி இழுக்க இழுக்க அப்பா கத்துவார்.

இந்தச் சுழற்சி சிறுமியின் தலைக்குள் மட்டும் இல்லை, வீடு முழுக்க ஓடுகிறது. அதனால்தான் அவளை மட்டும் உட்காரவைத்துப் பேசினால் போதாது. ஆலோசகர் முதலில், பள்ளியில் அவளை யாராவது சீண்டுகிறார்களா, அடிக்கிறார்களா, பாடம் புரியவில்லையா என்று விசாரிப்பார். நிஜமான ஆபத்து இருந்தால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். பிறகு, ஏணிப் படிகள்போல ஒரு திட்டம் போடுவார். முதல் நாள் யூனிஃபார்ம் போட்டு கேட் வரை. அடுத்து, பிடித்த டீச்சரோடு ஒரு பீரியட். அப்புறம் மதியச் சாப்பாடு வரை. வீட்டுக்கும் பாடம் உண்டு. அப்பா கத்தாமல் கூட்டிப்போக வேண்டும். அம்மா, 'வலிக்குதுன்னு தெரியுது, ஆனாலும் போலாம்' என்று சொல்லப் பழக வேண்டும். பாட்டிக்கு, இது கொடுமை இல்லை என்று புரியவைக்க வேண்டும்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது ஆரம்பம் முதலே வழக்கம். அங்குள்ள குழந்தைகள் பிரிவான நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பிள்ளை தெரபிஸ்ட்டோடு இருக்கும். மீதி நேரமெல்லாம் உங்களோடுதானே!

'அவன் என்ன சொன்னான்?' - ரகசியம் யாருக்குச் சொந்தம்?

'ஃபீஸ் கட்டுறது நாங்கதானே, என்ன பேசினான்னு சொல்லுங்க' என்று கேட்கத் தோன்றும். ஆனால், சொன்னதெல்லாம் அம்மாவுக்குப் போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. எனவே, வார்த்தைக்கு வார்த்தை சொல்ல மாட்டார்கள். முன்னேற்றத்தையும், நீங்கள் செய்ய வேண்டியதையும் சொல்வார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து இருந்தால் உங்களிடம் சொல்வார்கள். பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 'வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்' என்று மறைக்க அவர்களால் முடியாது. நீங்களும் கேட்கக் கூடாது. இந்த எல்லைகளை முதல் நாளே பிள்ளைக்கும் உங்களுக்கும் விளக்கிவிடுவது நல்ல ஆலோசகரின் அடையாளம்.

வீடு திரும்பும் வழியில் பைக்கிலேயே விசாரணை கமிஷன் வைக்காதீர்கள். 'டீ குடிச்சுட்டுப் போலாமா?' போதும்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

'ஐஸ்க்ரீம் வாங்கப் போறோம்' என்று ஏமாற்றி அழைத்துப்போனால், அதன்பின் உங்களையும் நம்பாது, ஆலோசகரையும் நம்பாது. 'ஒழுங்கா இல்லைன்னா கவுன்சலிங் கூட்டிட்டுப் போயிடுவேன்' என்று மிரட்டினால் அது தண்டனை ஆகிவிடும்.

சின்னக் குழந்தையிடம், 'மனசுல பயம் இருந்தா அதைப் பத்திப் பேச ஒரு ஆன்ட்டி இருக்காங்க. ஊசியெல்லாம் கிடையாது' என்று சொல்லலாம். டீன் ஏஜ் பிள்ளையிடம், 'கொஞ்ச நாளா நீ கஷ்டப்படுறது தெரியுது. எங்களுக்கும் எப்படி உதவி பண்றதுன்னு தெரியல. நாம எல்லாரும் சேர்ந்து போலாம்' என்று சொல்லிப் பாருங்கள். பெண் ஆலோசகரா, ஆணா, நேரிலா, ஆன்லைனா என்று தேர்வு செய்யும் உரிமையை அவர்களிடமே கொடுங்கள். நாலைந்து சந்திப்புக்குப் பிறகும் ஒட்டவே இல்லை என்றால் வேறொருவரிடம் மாறுவதில் தவறில்லை.

எங்கே போகலாம்?

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்டம் செயல்படும் அரசு மருத்துவமனைகள், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் ஆகியவற்றில் கட்டணமின்றிப் பார்க்கலாம். வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் போன்ற சந்தேகங்களுக்கு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. தனியாரிடம் போவதாக இருந்தால், ஒரு சந்திப்புக்கு எவ்வளவு, தோராயமாக எத்தனை சந்திப்பு என்று முன்பே கேட்டுவிடுங்கள். உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ன் மனநலச் சட்டம். உங்கள் பாலிசியில் எதெல்லாம் அடங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே கிளம்பத் தயக்கமா? போனிலிருந்து தொடங்கலாம்.

* 14416 - அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம்.
* 104 - தமிழக அரசின் மருத்துவ உதவி எண்.
* 1098 - குழந்தைகளுக்கான உதவி எண். குழந்தையே நேரடியாக அழைக்கலாம்.
* 044-24640050 - சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம்.

இந்த எண்களை உங்கள் போனில் சேமித்துவிட்டு, பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். அப்படியே, 'எங்ககிட்ட சொல்ல முடியாத விஷயம் இருந்தா இவங்ககிட்ட பேசு, நாங்க கோச்சுக்க மாட்டோம்' என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.